கோழி மேய்த்தாலும் கும்பினிக்கு மேய்க்காதே!



"கோழி மேய்ச்சாலும் கும்பினிக்கு மேய்க்கணும்" என்று நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு சொலவடை. மாசம் பொறந்தா சம்பளம் தப்பாம வரும், மழை பேஞ்சாலும் பேயாட்டாலும் கவலை இல்லை என்கிற ஆசையில் பிறந்த பேச்சு அது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் உண்மையாகவே கும்பினிக்குக் கோழி மேய்க்கிறார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதைவிட வட்டிதான் அதிகம் எரிகிறது.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் மிச்சம் இருக்கிற நிலத்தை உழுது பிழைக்கிற நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. கும்பினி வளர்க்கச் சொன்ன அந்தக் கோழி நம் வீட்டுச் சட்டிக்கு வந்துவிட்டது. வாரத்துக்கு மூணு நாள் வருகிறது. நம் காசைக் கொடுத்து நம்மைப் போன்ற ஒரு விவசாயியின் கழுத்துக் கயிற்றை இறுக்குகிறோம். அதைப் பற்றித்தான் இந்தப் பிரசுரம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் சைவம் பேச வரவில்லை. ஆடு, கோழி, மீன், கருவாடு, மாடு எது தின்றாலும் அது அவரவர் வழக்கம், அவரவர் உரிமை. அடுத்தவன் சட்டியை எட்டிப் பார்த்து இழிவு பேசுகிற கூட்டத்துக்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆடு மாடு கோழி வளர்க்கிற நாமே கறி தின்னாதே என்று சொல்ல முடியுமா? கறியைத் தின்போம். அது யார் வளர்த்தது, எப்படி வளர்த்தது, காசு யார் கைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுத் தின்போம்.

கொட்டகை நம்முது, கோழி கம்பெனியுது!

கறிக்கோழி ஒப்பந்த முறை 1990களில் உடுமலை, பல்லடம், கோவைப் பக்கம் பரவியது. அங்கிருந்து ஈரோடு, நாமக்கல், தருமபுரி என்று போய், நம் மாவட்டத்து மேற்கு, வடக்கு ஊர்கள் வரைக்கும் கொட்டகைகள் வந்துவிட்டன. முறை இதுதான். குஞ்சு கம்பெனியுது. தீவனம் கம்பெனியுது. மருந்து கம்பெனியுது. நிலம், கொட்டகை, தண்ணீர், கரண்ட், ராத்திரி பகல் உழைப்பு எல்லாம் விவசாயியுது. கோழி எடை வந்ததும் கம்பெனி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. நல்லாப் பாருங்கள், விலை இல்லை, கூலி! சொந்தக் கொட்டகையில், சொந்தக் கடனில் உட்கார்ந்திருக்கிற கூலியாள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 குஞ்சு இறக்குகிறார்கள். நூற்றுக்கு அஞ்சு செத்தால் மிச்சம் 4,750. ஒன்று 2 கிலோ என்றால் 9,500 கிலோ. கிலோவுக்கு ஆறரை ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் 61,750 ரூபாய். இதில் கரண்ட் பில், தரையில் போடும் தேங்காய் நார்க்கழிவு, குஞ்சுக்குச் சூடு காட்டும் செலவு, சுண்ணாம்பு, மருந்தடிப்பு, லோடு ஏற்றும் ஆள், பேங்க் தவணை எல்லாம் போக வேண்டும். பாதி நின்றால் 31,000 ரூபாய். கோழி வளர 40, 45 நாள். கொட்டகையைக் கழுவிக் காயவைத்து அடுத்த குஞ்சு வர இன்னும் பத்து பதினைஞ்சு நாள். ஆக ரெண்டு மாசம். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் உழைப்பு. ஆளுக்கு நாளுக்கு 260 ரூபாய்கூட வராது. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே 319 ரூபாய். அதற்குக் கொட்டகைக் கடன் கிடையாது, ராத்திரி கண் விழிக்கிற வேலையும் கிடையாது.

இதோடு முடியவில்லை. குஞ்சு தரம் கெட்டு வந்தால் சாவு கூடும், கூலி குறையும். தீவனம் சரியில்லாமல் எடை வரவில்லை என்றால் "தீவனம் அதிகம் ஆச்சு" என்று பிடித்தம். எடை போடுவது அவர்கள், தரம் பிரிப்பது அவர்கள், கணக்கு எழுதுவதும் அவர்கள். எதிர்த்துப் பேசினால் அடுத்த பேட்ச் குஞ்சு வராது. காலிக் கொட்டகைக்கும் தவணை உண்டு. பல்லடம், கோவை, ஈரோடு பக்கத்துப் பண்ணையாளர்கள் கூலி உயர்வு கேட்டு எத்தனையோ முறை தெருவுக்கு வந்தார்கள். கடையில் நாம் இருநூறு, இருநூற்றைம்பது கொடுத்து வாங்குகிற ஒரு கிலோ கறியில், மேலே போட்ட கணக்குப்படி, வளர்த்தவனுக்குப் பத்து ரூபாய் தேறாது.

லாபம் வந்தால் அவனுக்கு, நோய் வந்தால் நமக்கு!

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரா நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. கோழி செத்தது நவாப்பூரில், விலை செத்தது நாடு முழுக்க. 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று வதந்தி கிளம்பியது. முழுப் பொய். ஆனாலும் வாங்க ஆள் இல்லை, கறி விலை தரைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டம், 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்கள் என்று ஆந்திராவில் பறவைக் காய்ச்சல் மறுபடி வந்தது. நெல்லூர் நமக்கு எவ்வளவு தூரம்? கும்மிடிப்பூண்டி தாண்டினால் சூளூர்பேட்டை, அதைத் தாண்டினால் நெல்லூர்.

ஒரே இரத்தம், ஒரே வயசு, பத்தாயிரம் கோழி ஒரே கூரைக்குக் கீழே. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும். நோய் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டரில் உள்ள எல்லாக் கோழியையும் அழிக்க வேண்டும் என்பது அரசு நடைமுறை. கொட்டகைக்காரன் கோழியோடு, பக்கத்துத் தெரு ஆயா வளர்க்கிற நாலு கோழியும் சேர்ந்துதான் குழிக்குப் போகும்.

ஊசி இல்லை, ஆனால் மருந்து உண்டு!

"பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டு ஊதவைக்கிறான்" என்று டீக்கடையில் பேசுகிறோம். இது தப்பு. ஒரு கொட்டகையில் பத்தாயிரம் கோழி இருந்தால், தினம் ஊசி போட எத்தனை பேர் வேண்டும்? அது கட்டுப்படியாகாது. அந்தக் கோழி பிறவியிலேயே அப்படி. பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, தின்றதெல்லாம் சதையாகிற மாதிரி உண்டாக்கிய ரகம். நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ வர அஞ்சாறு மாசம் ஆகும். இது 40 நாளில் 2 கிலோ தாண்டும். நெஞ்சு பெருத்துவிடும், கால் தாங்காது. நிறைய கோழி நொண்டும். கம்பெனியை எதிர்க்க நமக்குப் பொய் வேண்டாம் ஐயா, உண்மையே போதும்.

அந்த உண்மை என்ன? நெருக்கடியில் நோய் வராமல் இருக்கவும், சீக்கிரம் எடை ஏறவும் ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்திலும் தண்ணீரிலும் கலக்கிற பழக்கம். 2014இல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி சுற்று வட்டாரக் கடைகளில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. நூற்றுக்கு 40இல் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. மனுசனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது டாக்டர் கடைசியாக எடுக்கிற மருந்து. அதையும் கோழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய சுகாதார அமைச்சகம் தடை போட்டது. எடை ஏற்றுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006 ஜனவரியிலேயே முற்றிலும் நிறுத்திவிட்டன.

இதனால் நமக்கு என்ன கேடு? கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போகும். பழகிய கிருமி கொட்டகையில் வேலை செய்கிறவன் கையிலும், கழிவிலும், தண்ணீரிலும் வெளியே வரும். நாளைக்கு நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் மருந்து கேட்காது. பணக்காரனுக்கு அடுத்த மருந்து வாங்கக் காசு இருக்கும். நமக்கு?

முட்டைக் கோழியின் பாடு இதைவிட மோசம். கம்பிக் கூண்டுக்குள் ஒரு கோழிக்கு ஒரு தாள் அளவு இடம்கூடக் கிடையாது. ஆயுசுக்கும் இறக்கை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. சேவல் குஞ்சு முட்டை போடாது என்று பொறந்த அன்றைக்கே அழித்துவிடுகிறார்கள். அந்த மாதிரி வெறும் கூண்டுகளை ஐரோப்பிய நாடுகள் 2012இல் தடை செய்தன. நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் கோழிகளின் நிலைமையைச் சொல்லி விதிகள் வேண்டும் என்றது.

விதை போன வழியில் கோழி!

2002இல் பி.டி. பருத்தி வந்தது. விதையை எடுத்து வைக்கிற உரிமை போச்சு. கோழியிலும் அதே கதைதான். பிராய்லரை அடை வைத்துக் குஞ்சு எடுத்து அதே எடைக்கு வளர்க்க முடியாது. தாய்க்கோழிக்கும் தாயான ரகங்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகளின் பிடியில் இருக்கின்றன. தீவனம் மக்காச்சோளமும் சோயாவும். 2021 ஆகஸ்டில் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி கொடுத்தது, கோழித் தீவனத்துக்காக! சோயா போட்ட நம் நாட்டு விவசாயிக்கு அப்போதுதான் கொஞ்சம் விலை வந்திருந்தது. அதற்கும் ஆப்பு.

அமெரிக்கக்காரன் நெஞ்சுக்கறியைத் தின்றுவிட்டு, அவனுக்கு வேண்டாத கோழிக்காலை நம் தலையில் கட்டப் பார்க்கிறான். 2001 ஏப்ரல் 1இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை நீக்கியதிலிருந்து இந்த மிரட்டல் உண்டு. உலக வர்த்தக நிறுவனத்தில் அமெரிக்கா போட்ட வழக்கில் 2015 ஜூனில் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது. வரிச் சுவர் ஒன்றுதான் காவல். அது இடிந்தால் நம் கொட்டகைக்காரனும் போவான்.

1996 ஜனவரியில் பெங்களூரில், நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்து விவசாயிகள் வெளிநாட்டுப் பொரித்த கோழிக் கடைக்குள் புகுந்து நொறுக்கினார்கள். இன்றைக்கு அதே கடைகள் சென்னையைச் சுற்றிப் பளபளவென்று நிற்கின்றன. கல்லால் அடித்த கண்ணாடியை அவன் மறுநாளே மாற்றிவிடுவான். வாங்க ஆள் வராவிட்டால் என்ன செய்வான்?

நம் வட்டாரத்தில் நடந்தது என்ன?

1960களில் அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டாங்கி ஃபாக்டரி என்று நிலம் போச்சு. அப்புறம் பிளாட் போட்டு மிச்சமும் போச்சு. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, 2019இல் ஆவடியே மாநகராட்சி ஆனது. திருமழிசை, வெள்ளவேடு, திருநின்றவூர் பக்கம் மேய்க்கால் புறம்போக்கு எங்கே என்று கேட்டால் வி.ஏ.ஓ. கணக்கில் இருக்கும், தரையில் இருக்காது. மேய்ச்சல் போனதோடு ஆடு போச்சு. நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மண்ணுக்கே உரிய மெட்ராஸ் சிவப்பு ஆடு, வெயிலுக்கும் காய்ச்சல் காட்டுக்கும் தாங்குகிற ஆடு. இன்றைக்குச் சில ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வீடு அஞ்சாறு கோழி இருந்தது. அந்த முட்டைக் காசு தாய்மார்கள் சுருக்குப் பைக்குப் போகும். பிள்ளைக்கு நோட்டு, பென்சில், காய்ச்சலுக்கு மாத்திரை, பஸ்ஸுக்குச் சில்லறை எல்லாம் அதில்தான். புருஷனைக் கேட்க வேண்டாம், வட்டிக்காரனைக் கேட்க வேண்டாம். கூண்டு முட்டையும் பிராய்லரும் வந்து அந்தப் பையைக் காலி செய்துவிட்டது. தெருவோரம் கோழிக் கழிவு மூட்டை, கூவம் ஓரம் கழிவு மூட்டை, அதைச் சுற்றி நாய்க் கூட்டம். அதுதான் நமக்கு மிச்சம்.

"ஏழைக்கு அதுதானே கறி?" என்கிறார்கள்

நியாயமான கேள்வி. ஆட்டுக்கறி விலை எட்டாது, நாட்டுக்கோழி பிராய்லரைப் போல ரெண்டு மடங்கு. எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளை பிரியாணி தின்றால் அவனைக் குற்றம் சொல்ல நமக்கு மனசு வராது. சத்துணவில் குழந்தைகளுக்குப் போடுகிற முட்டையில் எவனும் கை வைக்கக் கூடாது. 1989இல் தொடங்கி, 2010இல் வாரத்துக்கு அஞ்சு முட்டை ஆனது. அது ஏழைப் பிள்ளையின் உரிமை.

ஆனால் நம் வீட்டைப் பற்றிப் பேசுவோம். முன்னே ஞாயிற்றுக்கிழமை கவுச்சி, மத்த நாள் கருவாடு, மொச்சை, கீரை. புரட்டாசியில் ஒரு மாசம் சட்டி கவிழ்ப்போம். அமாவாசை, கிருத்திகை, வெள்ளி, சனி என்று ஆளுக்கொரு கட்டு உண்டு. வாயைக் கட்டத் தெரியாத ஜனம் இல்லை நாம். இன்றைக்குப் புதன்கிழமை சிக்கன் பக்கோடா, வெள்ளிக்கிழமை ஃபிரைட் ரைஸ், ஞாயிறு ரெண்டு கிலோ. வாரத்துக்கு மூணு கிலோ பிராய்லர் வாங்குகிற காசில் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல நாட்டுக்கோழி அடித்து, மிச்ச நாளைக்கு வேர்க்கடலை, பயறு, மீன் வாங்கலாம். வேர்க்கடலை நம் மாவட்டத்துப் பயிர். கால் பங்கு புரதம். அதை மில்லுக்குப் போட்டுவிட்டு மருந்துக்கோழி வாங்கித் தின்கிறோம்.

ஒன்று கேட்கிறோம். பெரியபாளையத்தம்மனுக்கோ, எல்லையில் நிற்கிற முனீஸ்வரனுக்கோ பிராய்லரை நேர்ந்து விடுகிறோமா? ஊரெல்லாம் தேடி நாட்டுச் சேவல்தானே வாங்குகிறோம்? சாமிக்கு ஆகாதது பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்?

நாம் செய்ய வேண்டியது

1. வீட்டில் பிராய்லர் வாங்குவதை முதலில் பாதியாகக் குறைப்போம், அப்புறம் நிறுத்துவோம். நிறுத்தின காசை ஊருக்குள்ளேயே கோழி வளர்க்கிறவர் கையில் கொடுப்போம்.

2. காதுகுத்து, மஞ்சள் நீர், கருமாதிப் பந்தி, ஆடிக்கூழ் எதிலும் பிராய்லர் வேண்டாம். முடிந்தால் ஆடோ நாட்டுக்கோழியோ. முடியாவிட்டால் கருவாட்டுக் குழம்பும் மொச்சையும். கடன் வாங்கிப் பந்தி போட்டால்தான் மரியாதை என்பது பொய். சங்கக் கூட்டங்களில் இனி பிராய்லர் பிரியாணி கிடையாது. கூழும், சுண்டலும், வேர்க்கடலையும்தான்.

3. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேவல், அஞ்சு பெட்டை. சிறுவிடை அடைக்கும் காவலுக்கும் கெட்டிக்காரி. வீட்டு மிச்சம், நொய், கீரைக் கழிவு, குஞ்சுக்குக் கரையான் போதும். பழைய பானையில் சாணியும் ஓலையும் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சாயந்திரம் கவிழ்த்து வைத்தால் விடியலில் கரையான் ஏறியிருக்கும்.

4. நாட்டுக்கோழியை ஒழிப்பது வெள்ளைக்கழிச்சல். தடுப்பு மருந்து ராணிப்பேட்டை அரசு நிலையத்தில் தயாராகிறது, அரசு கால்நடை மருந்தகத்தில் போடுகிறார்கள். கோழி செத்த பிறகு ஓடாமல், கோடைக்கு முன்னாலேயே ஊரோடு சேர்ந்து போட்டுவிடுங்கள்.

5. "நாட்டுக்கோழி" என்று எழுதி வைத்ததெல்லாம் நாட்டுக்கோழி ஆகாது. கொட்டகையில் அடைத்து வளர்த்த கலப்பு ரகத்தை அந்தப் பேரில் விற்கிறார்கள். எல்லாக் கோழியும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவாக இருந்தாலும், மூக்கு நுனி வெட்டியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். மண்ணைக் கிளறிய கோழிக்கு நகம் தேய்ந்திருக்கும்.

6. "பணம் கட்டு, குஞ்சு தருகிறோம், மாசாமாசம் காசு தருகிறோம்" என்று எவன் வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியைக் காட்டி எத்தனை ஆயிரம் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டார்கள் என்பதை மறக்காதீர்கள்.

அரசுக்கு நம் கோரிக்கைகள்

* கால்நடையையும் சேர்த்து 2019இல் கொண்டுவந்த தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தைக் கறிக்கோழி வளர்ப்புக்கு முழுமையாக அமல்படுத்து! கூலியை முத்தரப்புப் பேச்சில் நிர்ணயம் செய்! ஒப்பந்த நகலை விவசாயி கையில் கொடு!
* தீவனத்திலும் தண்ணீரிலும் கலக்கும் ஆன்டிபயாடிக்கைக் கண்காணி! கடைக் கறியைச் சோதித்து முடிவை மக்களுக்குச் சொல்!
* கோழிக்கால் இறக்குமதிக்குக் கதவைத் திறக்காதே! மரபணு மாற்றிய தீவனம் வேண்டாம்!
* சத்துணவு முட்டையில் ஒரு பங்கை ஊர்ப் பெண்கள் குழுக்களிடம் நல்ல விலைக்கு வாங்கு!
* மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் நாட்டுக்கோழிக் குஞ்சும் பயிற்சியும் பக்கத்தில் இருக்கிற நமக்குத் தட்டாமல் கிடைக்கச் செய்!
* மேய்க்கால் புறம்போக்கை மீட்டுக் கொடு! ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காப்பாற்று என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது!

இந்தக் கோரிக்கைகளைத் திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒவ்வொரு கிளையும் தனித்தனி மனுவாகக் கொடுக்க வேண்டும். ஒரே மனு ஒரு மூலைக்குப் போகும். ஐம்பது மனு போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

உழவர்களே! 1972இல் நாராயணசாமி நாயுடு காலத்தில் கோவைத் தெருவில் மாட்டு வண்டிகளை நிறுத்தி அரசாங்கத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள் நம் முன்னோர்கள். இன்றைக்கு நம்மிடம் மாட்டு வண்டி இல்லை. சோத்துத் தட்டு இருக்கிறது, அதில் எது விழ வேண்டும் என்று சொல்கிற உரிமை இருக்கிறது. அதை ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வாசலில் விட்டுக்கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் கேட்டு என்ன பயன்?

கம்பெனிக் கோழிக்கு நம் சட்டியில் இடம் இல்லை!
வளர்க்கிறவனுக்குக் கூலி வேண்டாம், விலை கொடு!
தாய்மார்கள் சுருக்குப் பை நிறையட்டும்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!

தோழமையுடன்,
சங்கச் செயலாளர்
(அனைத்துக் கிளைகளுக்காகவும்)